அத்தை ஊரில் இல்லாத ஆடி

12.7.2025, சனி

கூமாபட்டிக்குப் போன மாதம் அடித்த யோகம் இன்னும் தணியவில்லை. ஊரைப் புகழ்ந்து ஒரு பையன் போட்ட ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியதில், எந்தெந்த ஊர்க் கார்களோ பிளவக்கல் ரோட்டில் வருகின்றன. அணைப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு எங்கள் தென்னந்தோப்பு வாசல்தான் நிழல்.

இன்று ஒரு வெள்ளைக் காரின் மேல் எங்கள் 'கவுன்சிலர்' ஏறி நின்றது. கன்னி ஆடு. கருத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் கோடு கிழித்த மாதிரி வெள்ளை. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் பந்தல் போடுகிறார்கள் என்று தினமும் தெருவைச் சுற்றிப் பார்த்து வருவதால் அந்தப் பட்டம். காரில் வந்த பையன்கள் முதலில் பிஸ்கட் கொடுத்தார்கள். பிறகு முன்னங்காலைத் தூக்கி வைத்ததைப் படம் எடுத்தார்கள். கூரை வரைக்கும் ஏறியதும் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து இறங்கிய பிறகுதான் பெயின்ட் கீறல் கண்ணில் பட்டது. "ஆட்டுக்கு ஓனர் யாரு?"

என் வீட்டுக்காரர் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்துச் சமாளித்தார்.

முன்பெல்லாம் ஆடு மாடு மலையடிவாரத்தில் மேய்ந்தது. மலை 2021இல் புலிகள் காப்பகம் ஆனது. மறு வருஷம் உயர் நீதிமன்றம் காப்பகத்துக்குள் மேய்ச்சலே கூடாது என்று சொல்லிவிட்டது. புலிக்கும் நியாயம் வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையில் ஏறிப் பழகிய கால் சும்மா இருக்குமா? கார்மேல் ஏறுகிறது.

17.7.2025, வியாழன்

ஆடி பிறந்தது. விடிவதற்குள் காற்றும் பிறந்தது. கணவாய் வழியாக இறங்கும் காற்றுக்கு எங்கள் தோப்புதான் முதல் வீடு.

குஞ்சுகளோடு கவிழ்த்து வைத்திருந்த பஞ்சாரத்தின் மேல் கல் வைக்க மறந்தது யார் என்பதில் எனக்கும் இவருக்கும் இன்னும் முடிவு ஏற்படவில்லை. பஞ்சாரம் உருண்டு வாய்க்கால் வரை போயிற்று. கோழி அதைத் துரத்திக்கொண்டு ஓடியது, குஞ்சுகள் கோழியைத் துரத்தின, வானத்தில் பருந்து. நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு பருந்தைத் துரத்தினேன். இவரின் அம்மா, என் அத்தை, திண்ணையில் உட்கார்ந்து, "குஞ்ச எண்ணு தாயி, பெறகு பஞ்சாரத்த எடுக்கலாம்" என்றார். எண்ணினேன். ஒன்று கூடுதலாக இருந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் மாலையில் வந்து அடையாளம் சொல்லி வாங்கிப் போனார்.

20.7.2025, ஞாயிறு

இளைய கன்னி ஆடு ராத்திரி குட்டி போட்டது. தலைச்சன் ஈத்திலேயே இரட்டை. முதல் குட்டியை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டாவதைப் பார்த்து இது யார் வீட்டுப் பிள்ளை என்கிற மாதிரி நின்றது. பக்கத்தில் விட்டால் முட்டித் தள்ளியது.

அத்தை சமையலறையிலிருந்து கல்லுப்பைக் கொண்டுவந்து நுணுக்கி, ஈரம் காயாத குட்டியின் முதுகில் தடவினார். ஆடு மோந்து பார்த்தது. ஒரு நக்கு. கொஞ்சம் யோசனை. மறுபடி ஒரு நக்கு. உப்பு தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டது.

அடுத்த வைத்தியம் நாய். நாயைக் கிட்டே கொண்டுபோனால் குட்டியைக் காப்பாற்றுகிற வேகத்தில் தாய்ப்பாசம் வந்துவிடும் என்பது கிடைக்காரர்கள் கணக்கு. எங்கள் வீட்டில் இருப்பது அசல் ராஜபாளையம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால்தலையில் வந்த சாதி. இந்தச் சாதியில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, எங்களுடையதும் அப்படித்தான். தூங்கினவனைத் தட்டி எழுப்பி, சங்கிலியைப் பிடித்துக் கொட்டத்துக்குக் கூட்டிவந்தார் இவர்.

ஆடு பாய்ந்து ஒரு முட்டு முட்டியது. தபால்தலை நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய்ப் படுத்தது, சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. ஆடு இரண்டு குட்டியையும் அணைத்துக்கொண்டு நின்றது. இரண்டும் பால் குடித்தன.

24.7.2025, வியாழன். ஆடி அமாவாசை

அத்தை நேற்றே நாத்தனார் வீட்டுக்குப் போய், இன்று விடியலில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறினார். மதியம் போன் வந்தது. இறங்கிவிட்டாராம், முழங்கால் வீங்கிவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் பார்த்துவிட்டுத்தான் வருவாராம்.

அத்தைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். செவலை மாட்டை யார் கறப்பது?

கலப்பின ஜெர்சி. அத்தை கை பட்டால்தான் சுரக்கும். காலையில் நான் உட்கார்ந்தேன். கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவி, காம்பில் விளக்கெண்ணெய் தடவி எல்லா மரியாதையும் செய்தேன். அடிச்சொம்பு நனைந்ததோடு பாலை மேலே ஏற்றிக்கொண்டது. இவர் உட்கார்ந்தார். சொம்பு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

பால் சொசைட்டியில் கொழுப்பு 3.2 என்று காட்டியது. வழக்கமாக 4.4 வரும். கறவையில் முதலில் வருவது தண்ணிப் பால், கடைசியில் வருவதில்தான் கொழுப்பு. மாடு அடக்கிக்கொண்டால் நல்லதெல்லாம் மடியிலேயே தங்கிவிடும். அளவும் குறையும், விலையும் குறையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு இந்தப் பாலைக் கொடுத்தால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

25.7.2025, வெள்ளி

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். பழகிய ஆள், பழகிய வாசனை, சொம்புச் சத்தம் இருந்தால் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குமாம். அதன் வேகம் சில நிமிஷம்தான், அதற்குள் கறந்துவிட வேண்டும். பயமோ எரிச்சலோ வந்தால் அட்ரினலின் குறுக்கே வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். "அதுக்காக ஊசி கீசி போட்றாதீங்கம்மா" என்றும் சொன்னார்.

பழகிய வாசனை என்றால், கொடியில் கிடந்த அத்தையின் கண்டாங்கிச் சேலை. நான் சுற்றிக்கொண்டேன். செவலை என் கையை மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது. என் விரல் ஆகவில்லை. இவருக்கு அம்மாவின் கைப்பிடி அப்படியே. "கொண்டா" என்று சேலையை வாங்கி, முக்காடு போட்டு, மீசையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை பாடுகிற மாதிரி முனகலும் போட்டார். செவலை அசை போட்டது. சொம்பில் நுரை ஏறியது.

அந்த நேரம் பார்த்து இளநீர் கேட்டு இரண்டு பையன்கள் படலைத் திறந்து உள்ளே வந்துவிட்டார்கள். கையில் செல்போன். நான் ஓடிப்போய்க் கும்பிட்டுக் கேட்டேன். அழித்துவிட்டோம் என்றார்கள். இவர் மட்டும் ராத்திரி வரை தன் செல்போனில் கூமாபட்டி என்று போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

27.7.2025, ஞாயிறு

இன்று சிரிக்க ஒன்றுமில்லை. அமாவாசைக் கூட்டமும் அணை பார்க்க வந்த கூட்டமும் சாப்பிட்டு மீந்த சோற்றை ரோட்டோரம் கொட்டிப் போயிருந்தார்கள். கவுன்சிலருக்குச் சொல்லவா வேண்டும். காலையில் இடது வயிறு பானை மாதிரி உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தது.

சோறு ஆட்டின் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். புல் தின்னப் படைத்த வயிறு அது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962க்கு அடித்தோம். வண்டி வருவதற்குள் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். தலையை ரொம்பத் தூக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். டாக்டர் வந்து ஊசி போட்டார். சாயங்காலம் எழுந்து நின்றது. பக்கத்துத் தோப்பில் ஓர் ஆடு எழுந்திருக்கவில்லை.

29.7.2025, செவ்வாய்

நேற்றுத் தேர் பார்த்துவிட்டு அத்தை இன்று வந்து சேர்ந்தார். பையில் விபூதி, பால்கோவா. நேரே கொட்டத்துக்குத்தான் போனார். செவலை கயிறு எட்டும் வரை வந்து கத்தியது. கொடியில் சேலையைப் பார்த்தார். "இதுல என்ன சாண வாடை?" இவர் இளநீர் வெட்டப் போய்விட்டார்.

சாயங்காலக் கறவைக்குக் கொழுப்பு 4.5.

31.7.2025, வியாழன்

கவுன்சிலர் மறுபடி தெருவுக்குப் போய்விட்டது. கட்டிப்போட்டால் கத்தியே ஊரைக் கூட்டுகிறது. அதனால் அட்டையில் எழுதிப் படலில் கட்டியிருக்கிறேன்:

'பிளவக்கல் பார்க்க வருகிறவர்களுக்கு. இளநீர் உண்டு. ஆட்டைப் படம் எடுக்கலாம். உள்ளே வந்தால் படலைச் சாத்திவிட்டுப் போகவும். மீந்த சோற்றை ரோட்டில் கொட்ட வேண்டாம், ஆடு மாடு செத்துப்போகும். தூக்கிப் போக முடியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள், குழி வெட்டி வைத்திருக்கிறோம்.'