கடலோரத்துச் சம்பந்தம்

வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில் வாழும் எங்களுக்குக் கடல் என்பது நெடுங்காலம் பாடப்புத்தகத்துப் படமாகவே இருந்தது. மயிலாடும்பாறையில் எத்திசை நோக்கினும் கண்ணுக்கு எட்டுவது மலைதான். எங்கள் பக்கத்து மூல வைகை, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துக்கும் அப்பால் ஆற்றங்கரை என்னும் சிற்றூரின் அருகே கடலைத் தொடுகிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆற்று நீரே பல ஆண்டுகளில் அவ்வளவு தூரம் போய்ச் சேருவதில்லை. நாங்கள் எங்கே போவது? இலவமரம், தென்னை, கொட்டைமுந்திரி, மழை பெய்தால் கொஞ்சம் சோளம் என்று எங்கள் உலகம் அடங்கிக் கிடந்தது.

அந்த உலகத்துக்குள் 2015-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கடல் வந்து புகுந்தது. எங்கள் மகள் செவிலியர் படிப்பை முடித்து அந்நகரில் வேலை பார்த்து வந்தாள். திரேஸ்புரத்து மீனவக் குடும்பம் ஒன்றிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மகளுக்கும் சம்மதம் என்று தெரிந்தது.

உறவினருள் பலர் வேண்டாம் என்றே சொன்னார்கள். மீன் வாடை, உப்புத் தண்ணீர், அன்னியத்தில் பெண் கொடுப்பது என்று அவர்கள் அடுக்கிய தடைகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெரியப்பா முறையுள்ள முதியவர் ஒருவர் கேட்ட கேள்வி மட்டும் நெஞ்சில் தைத்தது. "காட்டுக்குப் போனவன் பொழுது சாஞ்சும் வரலைன்னா ஊரே பந்தம் பிடிச்சுத் தேடிப் போகலாம். கடலுக்குப் போனவனை எங்கேப்பா போய்த் தேடுவீங்க?" அவருக்குச் சொல்ல எங்களிடம் விடை இல்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது. வைகாசியில் திருமணம் முடிந்தது.

அதன்பின் ஆண்டுக்கு இருமுறையேனும் ஆண்டிபட்டி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று பேருந்து மாறி அங்கே போய்வரலானோம். போகும்போதெல்லாம் நான்கைந்து நாள் தங்குவோம். அவ்வீட்டில் கடிகாரம் ஒன்று சுவரில் இருக்கிறது. அதை எவரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கே மாப்பிள்ளை தம் வள்ளத்தில் புறப்பட்டுவிடுவார். விசைப்படகில் வேலை செய்யும் அவருடைய தம்பி காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் கரை சேருவார். அத்துறைமுகத்து விசைப்படகுகளுக்கு அதுதான் விதி. அடுத்த வீட்டுக்காரரும் அவர் மனைவியும் உப்பளத் தொழிலாளர்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்குமாதலால், அவர்களும் இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஆக, கோழி கூவுமுன்பே அத்தெரு பாதி காலியாகிவிடும். எஞ்சியிருப்போர் பெண்களும் குழந்தைகளும் எங்களைப் போன்ற விருந்தாளிகளுமே.

சம்பந்தியம்மாள் விடியுமுன் எழுந்து வாசலில் சற்று நேரம் நிற்பார்கள். கோலம் போடத்தான் வந்தார்கள் என்று முதல்நாள் எண்ணினோம். காற்றைப் பார்க்க வந்தார்களாம். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர்களுக்குக் காற்று ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப்போல. கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அது வலுத்தால் வள்ளம் திரும்புவது பாடு. எங்கள் பேரன் மூன்று வயதிலேயே விரலை எச்சில்படுத்தி உயர்த்திப் பிடித்து, "அம்மாச்சி, இன்னைக்குக் கொண்டல்" என்று எங்களுக்கு அறிவித்தான். எங்கள் வழக்கப்படி அம்மாச்சியும் அவர்கள் வழக்கப்படி ஆச்சியுமாக இரு பாட்டிகளை அவன் குழப்பமின்றி வைத்திருக்கிறான்.

எங்களுக்கு விளங்காமல் இருந்தது மீன் கணக்கு. முதல்முறை தங்கிய ஒரு வாரத்தில் அவ்வீட்டுச் சட்டியில் சீலா, விளமீன், கணவாய் என்று மூன்று வகை வந்து போயிற்று. அவற்றுள் மாப்பிள்ளை பிடித்தது ஒன்றே. மற்றவை வேறு வேறு வீடுகளிலிருந்து தாமாக வந்தன. அதேபோல மாப்பிள்ளைக்கு மீன்பாடு வாய்த்த அன்று, ஏலத்துக்குப் போகுமுன் ஐந்தாறு கூறு தனியே ஒதுக்கப்பட்டது. ஒன்று உப்பளத் தொழிலாளர் வீட்டுக்கு. ஒன்று தெருக்கோடியில் தனியே வாழும் விதவைத் தாயார் ஒருவருக்கு. ஒன்று படகு பழுதாகிக் கரையில் நிற்பவருக்கு. நிலத்தில் விளைந்ததைப் படியால் அளந்தே பழகியவர்கள் நாங்கள். ஆகவே, வந்த மீனுக்கெல்லாம் என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டோம். சம்பந்தியம்மாள் சிரித்தார்கள். "கணக்குப் பார்த்துக்கிட்டு நின்னா மீன் கெட்டுப்போகும் மதினி" என்றார்கள்.

இதனை வெறும் தாராள மனம் என்று எழுதிவிட்டால் உண்மையில் பாதி விட்டுப்போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மாப்பிள்ளையின் தம்பி வீட்டில் அப்போது வருமானம் இல்லை. ஆனால் அக்காலமே உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும் காலம். ஐப்பசி பிறந்து மழை இறங்கினாலோ உப்பளம் தண்ணீராகிவிடும். தை வரை அவ்வீட்டுக்குக் கூலி கிடையாது. அந்நாளில் மீன் அங்கே போகிறது. கோடையில் அரிசியும் புளியும், சிலவேளை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இங்கே வருகின்றன. யாரும் திட்டம் போட்டு அமைத்ததன்று. ஆயினும் எந்த வங்கி மேலாளரும் இதைவிட நன்றாக அமைத்துவிட முடியாது என்பது எங்கள் துணிபு.

கறாரான கணக்கும் அங்கே இல்லாமலில்லை. வலைக்கும் எந்திரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீன் போயாக வேண்டும். அவர் வைத்ததே விலை. மகளின் கம்மல் எத்தனைமுறை அடகுக்கடைக்குப் போய் மீண்டது என்பதை அவள் எங்களிடம் சொன்னதில்லை. காதைப் பார்த்தே அறிந்துகொள்வோம். எங்கள் ஊரிலும் இலவங்காய் முற்றுமுன்பே மரத்தைப் பேசி முன்பணம் வாங்கிவிட்டு, பின்பு விலை ஏறும்போது வயிறு எரிவோர் உண்டு. அவ்வகையில் மலைக்கும் கடலுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தெருவுக்கு வேறு முகம். அன்று கடலுக்குப் போவதில்லை என்பது அங்குள்ள கத்தோலிக்க மீனவரின் பழைய கட்டுப்பாடு. பூசை முடிந்து வந்ததும் வாசல்தோறும் நண்பர்கள் கூடுவார்கள். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே ஊர்க்கதை நடக்கும். நண்பகலில் தேங்காய்ப்பால் சொதி. மாலையில் ரோச் பூங்காப் பக்கம் காற்று வாங்கப் போய், திரும்பும்போது குழந்தைகளுக்கு மக்ரூன். முட்டையின் வெண்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டத்தை வாயிலிட்டால் கரைந்துவிடும். முந்திரி விளையும் ஊரிலிருந்து போன எங்களுக்கு, நம் பருப்புக்கு இப்படியொரு பிறவியும் உண்டா என்ற வியப்பு இன்னும் தீரவில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது மாப்பிள்ளை கரையில் இருந்தார். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவில்லை. எங்கள் சம்பந்தியம்மாள் அங்குள்ள உறவினர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்வந்து, ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை என்று மகள் சொன்னாள். பெரியப்பாவின் கேள்வி அன்று எங்கள் வீட்டில் மறுபடியும் எழுந்தது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவில் தங்கத்தேர் ஓடியது. 1806-இல் முதன்முதல் ஓடிய தேர் அது. ஆண்டுதோறும் இழுப்பதில்லை, முந்திய தடவை ஓடியது 2013-இல். ஆதலால் இம்முறை மயிலாடும்பாறையிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பிவிட்டோம். திருமணத்தைத் தடுத்த உறவினரும் அதில் சேர்த்தி. மகள் வீடு இரண்டே அறை. எங்களை எங்கே கிடத்துவது என்று நாங்கள் கவலைப்பட, சம்பந்தியம்மாள் கவலைப்படவே இல்லை. நால்வர் உப்பளத்து வீட்டில், மூவர் தெருக்கோடித் தாயாரின் மச்சில் என்று பாய்கள் விரிந்தன. அந்தத் தாயாரின் மகன் கப்பலில் வேலை செய்கிறார். தெருவில் மச்சுள்ள வீடு அது ஒன்றுதான். அவருக்கோ பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். மூன்று இரவும் எங்கள் உறவுப் பெண்களை உறங்கவிடாமல் கதை சொன்னார்.

அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் மழை கொட்டியது. மாலையில் மகளுடன் பேசினோம். இரவு வேலைக்கு மருத்துவமனைக்குப் போகிறேன் என்றாள். திங்கள் காலை தொலைபேசி அடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் எண்ணும் சம்பந்தியின் எண்ணும் அவ்வாறே. தொலைக்காட்சியில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். திருவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நிற்பதைக் காட்டினார்கள். சாலைகள் அறுந்துவிட்டன; புறப்பட்டுப் போகவும் வழியில்லை. கடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். தண்ணீரோ நிலத்தின் பக்கமிருந்து வந்துவிட்டது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நினைவில்லை. பெரியப்பா தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். பழைய கேள்வியை அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நண்பகலில் தெரியாத எண்ணிலிருந்து மகளின் குரல் வந்தது. "எல்லாரும் இருக்கோம்மா." பின்னரே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மருத்துவமனையில் மாற்று ஆள் வர இயலாமையால் அவள் மூன்று நாள் அங்கேயே வேலை பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளையோ, ஏரல் பக்கம் மக்கள் கூரைமேல் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மற்ற மீனவரைப்போல் தம் வள்ளத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வயலுக்கு மேலாக வள்ளம் ஓட்டினேன் என்று பிற்பாடு சொன்னார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நகரத்து மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடை அவர்கள் தெருவுக்கு அருகில்தான்.

அப்படியானால் பேரன்? ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடித் தாயாரின் மச்சில் இருந்திருக்கிறான். ஒன்பது வீட்டார் அங்கே நான்கு நாள். கீழே அரிசி மூட்டை நனைந்துவிட, மேலே தூக்கிவந்த இரண்டு பானை அரிசியும் பரணில் இருந்த கருவாடும்தான் அத்தனை பேருக்கும் உணவு. குழந்தைகள் உண்டபின் பெரியவர்கள் கஞ்சியாகக் குடித்தார்களாம். எட்டு ஆண்டுகளாக வாரந்தோறும் ஒரு கூறு மீன் அவ்வீட்டுக்குப் போனதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அதைப்பற்றி அத்தாயாரும் பேசவில்லை, சம்பந்தியும் பேசவில்லை.

கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் அரிசி மூட்டை இரண்டும் தேங்காயும் துணிமணியுமாக வாடகை வண்டியில் போய்ச் சேர்ந்தோம். தெருவெங்கும் சேறு. மெத்தையும் தலையணையும் தண்ணீர் குடித்து ஊறி, வாசல்களில் குவிந்து நாறிக்கொண்டிருந்தன. நாங்கள் இறக்கிய அரிசியைச் சம்பந்தியம்மாள் அப்போதே வாசலில் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். பதினோரு வீட்டுக்கு அளந்து முடித்தபின் தம் வீட்டுக்கு மிஞ்சியது கால் மூட்டை. மகளுக்கென்று கொண்டுவந்ததாயிற்றே என்று எங்களுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. மகள் எங்களைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் பூசைக்குப் பின் ஒவ்வொரு வீடாகப் போய்வந்தோம். உப்பளத்து வீட்டம்மாள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்க ஊர்ல இலவம் பஞ்சு உண்டாமே, மதினி சொல்லுவா. தலைக்கு வச்சுப் படுக்க ஒண்ணுமில்லாமப் போச்சு."

பங்குனியில் காய் இறங்கியது. அம்முறை எங்கள் மரங்களை வியாபாரிக்குப் பேசாமல், காயை உடைத்துக் கொட்டை நீக்கி, பெரியப்பா வீட்டுப் பஞ்சையும் சேர்த்து ஏழு சாக்கில் அடைத்தோம். எடையற்ற சரக்குக்கு எப்படிக் கட்டணம் போடுவது என்று ஆண்டிபட்டியில் நடத்துனர் தலையைச் சொறிந்தார். 2024 மே மாதத்தில் தெருக்கோடி மச்சின் மேல் பெண்கள் கூடி அமர்ந்து பழைய சேலையில் உறை தைத்துப் பஞ்சு அடைத்தார்கள். பேரனும் அவன் கூட்டாளிகளும் சாக்குக்குள்ளே இறங்கி விளையாடி, தலையெல்லாம் நரைத்துப் போய் எழுந்து வந்தார்கள். திடீரென்று ஒரு காற்று. பஞ்சு கொத்துக் கொத்தாகக் கிளம்பி, கூரைகளைத் தாண்டி, நிறுத்தியிருந்த வள்ளங்களைத் தாண்டி, கடலுக்குமேல் பறந்தது. பெண்கள் கூச்சலிட்டுச் சாக்கின் வாயைக் கட்ட ஓடினார்கள். கீழே வலை தைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மட்டும் தலையை உயர்த்தி அது போகும் திசையைப் பார்த்துவிட்டு, "கச்சான் பிறந்திட்டு" என்றார்.