கொடியில் ஏறிய குல்ச்சா

அரச சின்னம் என்றால் சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். ஐதராபாத் நிஜாமுக்கு ரொட்டி! மஞ்சள் கொடியின் நடுவே இருந்த வெள்ளை வட்டம் நிலவு அல்ல, தந்தூர் அடுப்பில் சுட்ட குல்ச்சா என்பார்கள் பழைய நகரவாசிகள்.

தக்காணத்துக்குப் புறப்பட்ட மீர் கமருதீன் கான், நிஜாமுதீன் அவுரங்காபாதி என்ற சூஃபி ஞானியைப் பார்க்கப் போனாராம். மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த குல்ச்சாக்களை ஞானி நீட்டினார். ஏழுக்கு மேல் இவரால் முடியவில்லை. அப்படியானால் ஏழு தலைமுறைக்கு ஆட்சி என்று சொல்லிவிட்டார் ஞானி.

1724-ல் தொடங்கிய ஆட்சி, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானோடு 1948 செப்டம்பரில் முடிந்தது. வாக்கு பலித்ததாகச் சொல்வார்கள். கணக்கில்தான் சின்னச் சிக்கல். 1748-க்கும் 1762-க்கும் இடையில் மூன்று பேர் ஆண்டிருக்கிறார்கள். 'ஆசஃப் ஜா' பட்டம் இல்லாதவர்கள் என்று அவர்களைக் கழித்தால்தான் ஏழு வரும்.

பசித்தவனின் ரொட்டி அரசனிடம் போய்ச் சேர்ந்தது. சார்மினாரின் கதை இதற்குத் தலைகீழ். 1591-ல் முகமது குலி குதுப் ஷா கட்டியது. நிஜாமின் நாணயத்தில் இருந்தது, 1931-ல் அஞ்சல் தலைக்கு வந்தது. சிகரெட் பெட்டியிலும் ஏறியது. சென்னையிலிருந்து புறப்படும் ரயிலுக்குப் பெயரானது. பக்கத்து லாட் பஜாரில் வளையலுக்குப் பேரம் பேசும் பெண்கள் அதை சுல்தானின் சொத்தாக நினைப்பதாகத் தெரியவில்லை.

2014 ஜூன் 2-ல் பிறந்த தெலங்கானாவின் முத்திரையில் ஓவியர் லட்சுமண் ஏலே சார்மினாரோடு வாரங்கல் கோட்டையின் காகதீயத் தோரணத்தையும் வரைந்தார். தோரணம் நிற்கிறது, அது காவல் நின்ற சிவன் கோயில் இல்லை. 14-ம் நூற்றாண்டு டெல்லிப் படையெடுப்போடு போனது. அந்தத் தோரணமும் மினாரும் ஒரே வட்டத்துக்குள் நின்றது சாதாரண விஷயமல்ல.

2024-ல், மாநிலத்தின் பத்தாம் ஆண்டு விழா நெருங்கியபோது, மன்னராட்சி அடையாளங்கள் எதற்கு என்று ரேவந்த் ரெட்டி அரசு புதிய முத்திரைக்குத் தயாரானது. எதிர்ப்புக் குரல் சார்மினார் எதிரிலேயே கிளம்ப, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. மன்னர்களை நீக்க நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கல் சுமந்தவர்களும் கூடவே போய்விடுவார்களே?

குல்ச்சாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொடியை விட்டு அது எப்போதோ இறங்கிவிட்டது. பழைய நகரத்தில் விடிந்ததும் நஹாரிக் கிண்ணத்தோடு தட்டில் வருகிறது. பல கடைகளில் இப்போது வட்டம்கூட இல்லை, நாலு மூலை.