கடலுக்கும் மலைக்கும் ஒரே சட்டம்

விடுதியில் எனக்கு அறைத்தோழனாக வாய்த்தவன் தூத்துக்குடிக்காரன். கப்பல் தொழிலாளியின் மகன். நானோ மூணாற்று மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். "உனக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேலி செய்வான். சம்பந்தம் இல்லாமல் இல்லை. முற்காலத்தில் எங்கள் மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பலேறியது.

சென்ற ஆண்டு ஓர் இரவு அவன் தன் தந்தையின் கதையைச் சொன்னான். இந்தியக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்தபோது அவருக்குக் கால் முறிந்ததாம். சட்டப்படி இழப்பீடு கிடைத்ததாம். எந்தச் சட்டம் என்று கேட்டேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்றான்.

மறுநாளே நூலகத்தில் அதைத் தேடிப் படித்தேன். கப்பலில் நேர்ந்து கப்பலிலேயே முடக்கிய விபத்தென்றால் மாலுமி தனியாக அறிவிப்புத் தர வேண்டியதில்லை. அவர் இறந்துவிட்டால், செய்தி குடும்பத்துக்கு எட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரலாம். கப்பல் எல்லாரோடும் மூழ்கிப் போனால் 18 மாதம். கடலின் தொலைவை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என வியந்தேன். பின்னிணைப்பைப் புரட்டினேன். மாலுமிகளும் சரக்கேற்றுவோரும் நின்ற அதே பட்டியலில் தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர்! என் அத்தையும் அந்தப் பட்டியலில் இருந்தாள். அது அவளுக்குத்தான் தெரியாது.

2017இல் நான் எட்டாம் வகுப்பு மாணவன். தொழிற்சாலையில் இலை நசுக்கும் உருளையைத் துடைக்கையில் அத்தையின் வலக்கைப் பெருவிரல் அடியோடு போயிற்று. அப்போது அவளுக்கு வயது 40. மாதச் சம்பளம் 7,800 ரூபாய். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அலுவலகத்தில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு விரலை இயந்திரம் வாங்கியது. மறு விரலைத் தாள் வாங்கியது.

நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சம்பளத்தில் 60 சதவீதம். 40 வயதுக்குரிய பெருக்கெண் 184.17, பெருவிரல் முழுதும் இழந்தால் அதில் 30 சதவீதம். ஏறத்தாழ 2,58,500 ரூபாய் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கு மாறவில்லை.

இன்னொன்றும் கண்டேன். பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை நேரே கையில் கொடுத்தால் அச்சட்டப்படி அது இழப்பீடே ஆகாது. ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் உடன்படிக்கையும் செல்லாது. ஆக, அந்த ரேகைக்கு மதிப்பே இல்லை. ஆனால் கோருவதற்குரிய இரண்டாண்டுக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் ஆணையர் தாமதத்தைப் பொறுக்கலாம் என்பது ஒன்றே எஞ்சிய நம்பிக்கை.

விடுமுறையில் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் மருமவனே, இதை அன்னிக்கே ஒருத்தர் தமிழில சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். என்னிடம் விடையில்லை. மனுவைத் தமிழில் எழுதி, மலையாளப் படி ஒன்றும் சேர்த்து அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

தோழர்களே, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. சித்தூரிலும் நெல்லியாம்பதியிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் இதை அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்?

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து வேலையோடு தொடர்புடையது என நிறுவினால், அதற்கும் இழப்பீடு உண்டு என்கிறது அது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் தேனி மாவட்டத்துப் பெண்களுக்கு இதைவிட வேண்டிய செய்தி வேறு என்ன? அதை அவர்களிடம் கொண்டு சேர்ப்பவர் யார்?

நாம் சங்கத்தில் கூடுகிறோம். தமிழின் இனிமையைப் பேசுகிறோம். பேசுவோம். ஆனால் வரும் விடுமுறையில் எல்லைப்புறத்து மாணவர் ஒவ்வொருவரும் இச்சட்டத்தின் சாரத்தை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, தம் ஊர் லயத்துச் சுவரில் ஒட்டட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். அத்தையின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அடுத்தவள் அதே கேள்வியைக் கேட்க நாம் விடலாகாது.