பொரிக்க ஒன்று, தாளிக்க ஒன்று

கண்டியில் சைவச் சாப்பாட்டுக்கு ஓடர் எடுக்கிற யாருடைய சமையலறையிலும் இரண்டு எண்ணெய் கட்டாயம் இருக்கும். ஒன்று தேங்காயெண்ணெய், மற்றது நல்லெண்ணெய். சூரியகாந்தியும் சோயாவும் கடைத் தட்டில் வரிசையாக நிற்கின்றன. தட்டுப்பாடு வந்தால் அவற்றையும் வாங்குவோம். சுவைக்காக வாங்குவது இந்த இரண்டையும்தான். சில காலமாக, ஓடர் கொடுக்க வருகிறவர்கள் எத்தனை கறி, எத்தனை பேர் என்று பேசி முடிப்பதற்கு முன்பே எண்ணெயைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள்.

"அக்கா, அப்பாவுக்கு கொலஸ்ட்ரோல் கூடியிருக்குன்னு டொக்டர் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் நல்லெண்ணெயிலேயே பொரிச்சுத் தர ஏலுமா?"

ஏலும். ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. கம்பளையிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய காரணமல்ல அது.

சத்துக் கணக்கில் நல்லெண்ணெய்தான் மேலே நிற்கிறது. அதில் வாதாட ஒன்றுமில்லை. கலோரியில் வித்தியாசம் கிடையாது. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி அளவில்தான் வரும். கொழுப்பின் வகைதான் வேறு. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, மொத்த எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம். நல்லெண்ணெயில் நிறைவுற்றது நூற்றுக்கு 14, 15தான். மிச்சத்தை ஒலெயிக் அமிலமும் லினோலெயிக் அமிலமும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நாளைய சக்தியில் நூற்றுக்கு 10க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதே அளவு நல்லெண்ணெயில் 4 கிராம்தான் இருக்கும்.

தேங்காயெண்ணெய் ஒன்றும் செய்யாது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்கிறதாமே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று இருக்கிறதுதான். 2018இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில் தினமும் 50 கிராம் கொழுப்பு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறியது. தேங்காயெண்ணெய் சாப்பிட்டவர்கள் ஒலிவ் எண்ணெய்க்காரர்களின் பக்கத்திலேயே நின்றார்கள். 2020இல் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து சர்க்குலேஷன் இதழில் வந்த ஆய்வு, தென்னை, பனை வகை சேராத மற்றத் தாவர எண்ணெய்களோடு பார்த்தால் தேங்காயெண்ணெய் அந்தக் கெட்ட கொலஸ்ட்ரோலை (எல்டிஎல்) டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்றது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. பல சோதனைகளின் கூட்டு என்பது ஒரு காரணம். முதலாவது ஆய்வில் இருந்தவர்கள் இங்கிலாந்தில் இருந்து சாப்பிட்டவர்கள், அவர்களுடைய தட்டில் சொதியும் சம்பலும் இல்லை என்பது எனக்குப் பெரிய காரணம்.

எங்கள் தட்டில் தேங்காய் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் இடியப்பம் என்றால் சொதியும் சம்பலும். மத்தியானம் பருப்பும் பாலில், கிழங்கும் பாலில், கீரைச் சுண்டலில் தேங்காய்ப்பூ. கெட்டியான முதற்பால் 100 மில்லிலீற்றரில் 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கும், அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. எண்ணெய்ப் போத்தலைத் திறக்க முன்பே அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. ஆகவே தேங்காயெண்ணெய் நல்லதா கெட்டதா என்று போத்தலைப் பார்த்துக் கேட்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்த வேளைச் சாப்பாட்டில் தேங்காய் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தட்டைப் பார்த்து எண்ணுகிறேன்.

ஓடர் பேசும்போது நான் செய்வது இதைத்தான். பால்கறி இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. மூன்றாவது கறி புளியில் வரும், அதற்கு நல்லெண்ணெய். சொதிக்குத் தாளிதமே வேண்டாம். பாலிலேயே எண்ணெய் இருக்கிறது. கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் பாலில் வெந்தால் போதும். பொரியல் ஒன்றுதான், அதைத் தேங்காயெண்ணெயில் பொரிக்கிறேன். மூன்று பொரியல் கேட்பவர்களிடம் மல்லுக்கட்டுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போயிருக்கிறார்கள்.

ஏன் பொரியலுக்குத் தேங்காயெண்ணெய்? இங்கேதான் ஆய்வுகூடக் கணக்கும் அடுப்புக் கணக்கும் பிரிகின்றன. புகை எழும் வெப்பநிலையைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்வார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காயெண்ணெயும் ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ் அளவில் புகையத் தொடங்கும்; சுத்திகரித்தால் இரண்டும் 200ஐத் தாண்டும். அதை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல ஏலாது. புகைக்கு முன்னும் பின்னும் எண்ணெய்க்குள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். நல்லெண்ணெயின் பெருமையான லினோலெயிக் அமிலத்துக்குத் தீ ஆகாது. சூட்டில் காற்றோடு சேர்ந்து உடையும், ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகும். பொரித்து முடித்த தாச்சியின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் தெரியும்: நல்லெண்ணெய்த் தாச்சியில் மண்ணிறப் பிசுக்கு இறுகிக் கிடக்கும், தேய்த்து எடுப்பதற்குள் கை நோகும். தேங்காயெண்ணெய்த் தாச்சி அவ்வளவு பாடுபடுத்தாது.

நல்லெண்ணெய்க்கு ஒரு காவலும் உண்டு. எள்ளில் செசமின், செசமொலின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சூடேறும்போது செசமொலின் உடைந்து செசமோல் வெளிவருகிறது. அது எண்ணெய் காறாமல் காக்கும். அதனால்தான் அதேயளவு லினோலெயிக் இருந்தும் மற்ற எண்ணெய்களை விட நல்லெண்ணெய் நின்று பிடிக்கிறது. ஊறுகாய்க்கு மேலே அது மாதக்கணக்கில் நிற்பதும் அந்தக் காவலின் உதவியோடுதான். ஒரு தரம் பொரிக்க அது தாராளமாகப் போதும். ஒரு கல்யாண வீட்டு வடையை முழுக்கப் பொரித்து முடிக்கப் போதாது. செக்கு எண்ணெயின் அடியில் கிடக்கும் மண்டி கருகி வடையில் புள்ளி புள்ளியாக ஒட்டும் தொல்லை வேறு.

தேங்காயெண்ணெயின் எதிரி தண்ணீர். சூட்டில் காற்று அதை எளிதில் உடைக்காது, ஈரம் உடைக்கும். மாவிலும் காயிலும் இருக்கும் ஈரம் கொழுப்பைப் பிரித்து அமிலத்தைத் தனியாக விட்டால் சவர்க்காரத்தை நக்கியது போல ஒரு கனைப்பு வரும். பழைய கொப்பராவில் ஆட்டிய எண்ணெயில் வருவதும் அதே கனைப்புத்தான். ஆகவே ஒன்றுக்கு மேல் பொரிக்க நேர்ந்தால் ஒழுங்கு முக்கியம். முதலில் அப்பளம், அதில் ஈரமில்லை. பிறகு வாழைக்காய், அதன் பிறகு வடை. பாகற்காய் அதற்குப் பின்னால், உப்பும் மஞ்சளும் பிரட்டித் தண்ணீரைப் பிழிந்த பிறகு. மோர்மிளகாய் கடைசியில், ஏனென்றால் அந்தக் காரம் எண்ணெயை விட்டுப் போகாது. வம்பட்டு மோஜு கேட்டால் கத்தரிக்காய்க்குத் தனித் தாச்சி. கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கிற வேகத்துக்கு வேறெதையும் பக்கத்தில் வைக்க ஏலாது. நுரை அடங்காமல் நின்றால், நிறம் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால், அந்த எண்ணெயை அடுத்த நாளுக்கு எடுத்து வைப்பதில்லை. எந்த விதை, எந்தக் கொழுப்பு என்ற விவாதமெல்லாம் முதல் நாள் எண்ணெய்க்குத்தான் பொருந்தும். வீதியோரம் பகல் முழுக்கக் கொதித்துக் கிடக்கும் தாச்சியில் எல்லா எண்ணெயும் ஒரே சாதி.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன, இரண்டின் நன்மையும் வருமே என்று கேட்கிறவர்கள் ஒரு தரம் கலந்து பொரித்துப் பார்க்கட்டும். தேங்காயெண்ணெயின் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பும் மற்ற எண்ணெயின் நீண்ட சங்கிலிக் கொழுப்பும் சேர்ந்தால் பொரிக்கும்போது நுரை பொங்கும். பெரிய தாச்சியில் அது விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தால் ஆபத்து. எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

தாளிதத்துக்கு வந்தால் நல்லெண்ணெய்க்கு நிகர் இல்லை. புளி சேர்ந்த எதுவும் அதைக் கேட்கும். என் மாமி சாவகச்சேரிப் பக்கம். கத்தரிக்காய்க் குழம்பை இறக்கிய பிறகு பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி மேலே விட்டு மூடிவைப்பார். சூடு படாத அந்த ஒரு கரண்டியில்தான் எண்ணெயின் சத்து முழுதாக வயிற்றுக்குள் போகிறது என்று இப்போது புரிகிறது. அவர் செய்தது மணத்துக்காக. தோசைப் பொடிக்கும் தேசிக்காய் ஊறுகாய்க்கும் அதுவே. ஊறுகாய்க்குத் தேங்காயெண்ணெய் கண்டியில் சரிவராது: 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும், இங்கே தை மாத விடியல் 20க்குக் கீழே இறங்கும். அந்தக் குணமே முறுக்குக்கு உதவி. தேங்காயெண்ணெயில் சுட்ட முறுக்கு ஆறியதும் மேலே எண்ணெய் இறுகிக் கை ஒட்டாமல் இருக்கும், கடுதாசியில் கறை படியாது. நல்லெண்ணெய் முறுக்கு எவ்வளவு வடித்தாலும் கசியும்.

கண்டி தேங்காயெண்ணெய்ச் சீமை, நல்லெண்ணெய் வடக்கிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் அச்சிட்ட நூலில், இங்கே விளைந்த தானியங்களோடு எள்ளையும் சேர்த்திருக்கிறான். அதில் எண்ணெய் எடுத்து உடம்பில் பூசுவார்கள், சில வேளை வறுத்துச் சர்க்கரையோடு தின்பார்கள் என்கிறான். எள் இந்த மலைநாட்டுக்கும் பழைய சொந்தம். இன்று கோயிலில் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறோம், விகாரைக்குப் போகிறவர்கள் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றுகிறார்கள், பெரஹராவில் பந்தம் கொப்பராவில் எரிகிறது.

வாங்குகிற விஷயத்தில் நான் கடுமை. 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்ளாடொக்சின் கலந்திருந்தது தெரியவந்து நாடே கலங்கியது. பூஞ்சணம் பிடித்த கொப்பராவிலிருந்து வருகிற நஞ்சு அது, ஈரலைக் கெடுக்கும்; கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாது. அதன் பிறகு எங்கே ஆட்டினது, எந்தக் கொப்பரா என்று கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு உறுதிப்பட்டது. குளிரில் உறைந்தால் சுத்தம் என்று சிலர் சொல்வார்கள். உறையாவிட்டால் சந்தேகப்படலாம், உறைந்ததை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது. வீட்டில் தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கிற எண்ணெய்தான் நான் அறிந்ததில் சிறந்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் செனவிரத்ன குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கொப்பராவில் ஆட்டியதை விடக் காய்ச்சி எடுத்ததில்தான் பீனோலிக் பொருள்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய பிறகு அதை யார் காய்ச்சுவது? முன்பு காய்ச்சிய வீடுகளில்கூட விட்டுவிட்டார்கள்.

இலங்கையில் நடந்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். கொழும்பு இரசாயனவியல் கல்லூரியில் சுதேர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் சோறு சமைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, வெந்த பின் 12 மணித்தியாலம் குளிரில் வைத்தால், செரிக்காத மாச்சத்து கூடுகிறது என்று 2015இல் அமெரிக்க இரசாயனக் கழகக் கூட்டத்தில் காட்டினார்கள். கலோரி பாதியாகும் என்று பத்திரிகைகள் பாய்ந்து எழுதின. என் தொழிலில் அதற்கு இடமில்லை, விருந்தாளிக்கு முதல் நாள் சோறு போட ஏலாது. வீட்டில் மிஞ்சிய சோற்றை அடுத்த நாள் சாப்பிடுகிற சர்க்கரை வியாதிக்காரர் செய்து பார்க்கலாம், சோற்றை உடனே குளிரூட்டியில் வைப்பதாக இருந்தால்.

கம்பளைப் பிள்ளையின் ஓடருக்கு வருகிறேன். அறுபதாம் கலியாணம். அவருடைய அப்பாவுக்காகப் பால்கறியை ஒன்றாகக் குறைத்தோம். பருப்பு பாலில்லாமல், கடுகும் செத்தல் மிளகாயும் நல்லெண்ணெயில் தாளித்து. கத்தரிக்காய் பொரிக்காமல் சுட்டு, புளி விட்டுப் பிசைந்து, மேலே பச்சை நல்லெண்ணெய். வடை மட்டும் தேங்காயெண்ணெயில், ஆளுக்கு ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போது கனடாவிலிருந்து வருகிற பேரப்பிள்ளை ஒருவனுக்கு எள் ஒவ்வாது என்று இடையில் சொன்னார். கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் நல்லெண்ணெயின் பெருமையெல்லாம் பயனில்லை. ஒரு சொட்டும் ஆபத்து. அவனுக்கு வேறு சட்டி, வேறு அகப்பை, தாளிக்காத பருப்பு. கறிச் சட்டி ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த எண்ணெய் என்று மட்டையில் எழுதி வைத்தோம். இப்போது எல்லா ஓடருக்கும் அப்படித்தான் எழுதி வைக்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.