அபியும் அடுத்த வீட்டுப் பெண்ணும்

சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரின் அபியை, வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களும் தம் வீட்டு மகளாகவே கருதின. தேவயானி ஏற்ற பாத்திரம் அது. தந்தை துறந்துபோன குடும்பத்தைத் தோளில் சுமந்து, கட்டடத் தொழிலில் காலூன்றியவள் அபி. இல்லங்களைச் சந்திக்கச் சென்ற மாலைகளில், அவளுக்காகத் தாய்மார் கண்கலங்குவதைக் கண்டிருக்கிறோம். அக்கண்ணீரை எள்ளுவதற்கில்லை, பிறர் துயரில் பங்குகொள்ளும் நெஞ்சம் அதில் தெரிந்தது.

ஆயினும், கணவன் கைவிட, நாற்று நட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்ணொருத்தி அதே தெருவில் இருக்கிறாள். அவளைக் கண்டால், "இவளிடம் என்ன குறையோ?" என்கிறது ஊர். அபியின் கதையை ஆறாண்டுகள் பொறுமையாகக் கேட்டதால் அவள் பக்கம் நின்றோம். இவள் கதைக்கு ஒரு மாலைப்பொழுதேனும் தருவோமா?