சிறைவாயில் வழியே ஒரு பயணம்

கொங்கு நாட்டைக் காண வருவோர்க்கு இங்கே குறையொன்றும் இல்லை. மேற்கே நீலமலைத் தொடர், நடுவே நொய்யல், வடக்கே பவானி, வானளாவிய புகைபோக்கிகளோடு நின்ற பழைய பஞ்சாலைகள், உழைப்புக்குச் சளைக்காத மக்கள். கத்தோலிக்கராகிய நமக்கோ, கோவைப் பெரிய கடைவீதியில் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயமும், அவிநாசிச் சாலையில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் திருத்தலமும் உண்டு. அவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் எழுதப் புகுவது வேறு வகைத் தலங்களைப் பற்றி.

கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை, பவானி, சேலம் வழியாகத் தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில் அண்மையில் பயணம் செய்தோம். ஏறத்தாழ 225 கிலோமீட்டர் தொலைவு. பிறருடைய உரிமைக்காகக் குரல் எழுப்பிச் சிறைப்பட்டவர்களின் நினைவு அந்த வழி நெடுகிலும் கிடக்கிறது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்வோரில் எத்தனை பேர் அதை அறிவர்?

பயணத்தின் தொடக்கமே ஒரு சிறைவாயில்தான். காந்திபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது கோவை மத்திய சிறை. 1872-ஆம் ஆண்டில் எழுந்தது அது. அதன் பரந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது செம்மொழிப் பூங்கா மலர்ந்திருக்கிறது. அருகே வ.உ.சி. மைதானமும் வ.உ.சி. பூங்காவும் உள்ளன. மாலை நேரங்களில் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன, பிள்ளைகள் ஓடியாடுகின்றனர். அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த பெரியவர், பக்கத்து மதிலுக்கு அப்பால் மாடு இழுக்க வேண்டிய செக்கைத் தோளால் இழுத்தார் என்பதை அப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே.

வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் 'கப்பலோட்டிய தமிழர்' என்று அறிவோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர் அவர். ஆயினும் வெள்ளை அரசு அவரைச் சிறைப்படுத்துமுன் அவர் செய்த இன்னொரு பணியை நாம் மறந்துவிடுகிறோம். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வழக்கறிஞரான அவர் அந்த ஏழைகளின் பக்கம் நின்றார். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு ஓய்வும் அவர்களுக்குக் கிடைத்தன. வேலைநிறுத்தம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்த நிலையில், மார்ச் 12-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே, இராஜத் துரோகத்துக்கும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்குமாக இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதென்றாலும், 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை கோவைச் சிறையும், அதன்பின் கண்ணனூர்ச் சிறையும் அவரை வாட்டின.

முதலில் சணல் இயந்திரத்தில் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பிறகு செக்கு. படித்த வழக்கறிஞரை, பட்டப்பகல் வெயிலில், எண்ணெய்ச் செக்கில் பிணைத்தது அன்றைய ஆட்சி. அந்தச் செக்கிற்கு இன்று சிறை வளாகத்தில் நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளிலும் மறைந்த நாளிலும் அதிகாரிகளே மலர்மாலை அணிவிக்கின்றனர். ஓர் அரசு தண்டனைக் கருவியாகப் பயன்படுத்தியதற்கு மற்றோர் அரசு மாலை சூட்டுகிறது! நினைக்க நினைக்க வியப்பாயிருக்கிறது.

ஆனால் மாலைகளைவிட நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. கோவையில் அந்நாளில் சி.கே. சுப்பிரமணிய முதலியார் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். பெரியபுராணத்துக்குப் பேருரை எழுதிப் பின்னர் புகழ்பெற்ற சைவப் பெரியார் அவரே. அவர் சிறையிலிருந்த வ.உ.சி.யைச் சென்று கண்டு, துணையாக நின்றார். அரசு துரோகி என்று முத்திரை குத்திய ஒருவரைத் தேடிச் செல்வது அந்நாளில் எளிய காரியமன்று. 1912 டிசம்பரில் வ.உ.சி. கண்ணனூரில் விடுதலையானபோது, முன்பு அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட பெருங்கூட்டம் அங்கே இல்லை. வெகுசிலரே வந்திருந்தனர், அவர்களுள் ஒருவர், சிறையில் தொழுநோய்க்கு ஆளாகியிருந்த சுப்பிரமணிய சிவா. சிலை வைக்கப் பலர் உளர். சிறைவாயிலுக்கு வருவோர் மிகச் சிலரே. இந்த ஒரு பாடத்தைத்தான் வழி நெடுகிலும் நாம் திரும்பத் திரும்பக் கற்றோம்.

கோவையை விட்டுக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் சின்னியம்பாளையம். ஆலைத் தொழிலாளர் போராட்டக் காலத்தில் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கில், இவ்வூரைச் சார்ந்த தொழிற்சங்கத்தினர் நால்வர் தூக்குத் தண்டனை பெற்றனர். இராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்பன அவர்தம் பெயர்கள். 1946 ஜனவரி 8-ஆம் நாள், நாம் முன்னே கண்ட அதே கோவைச் சிறையில், நால்வரும் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். இங்குள்ள தொழிலாளர் அவர்களைத் தியாகிகள் என்றே போற்றி வருகின்றனர். வழக்கைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும், உயிரைப் பறித்துவிட்ட தண்டனையைத் திருத்தும் ஆற்றல் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று கற்பித்ததை இவ்விடத்தில் நினைவுகூர்ந்தோம்.

அடுத்து கருமத்தம்பட்டி. அன்னையின் திருமுன் மண்டியிட்டு, துயர மறையுண்மைகளைச் செபித்தோம். அம்மறையுண்மைகள் ஒரு கைதியின் கதையன்றோ! இரவில் கைது, பொய்ச்சாட்சி, சாட்டையடி, ஆட்சியாளன் கைகழுவுதல். உடனிருந்த சீடர்களோ ஓடிவிட்டனர். சிலுவையடியில் நின்றவர்கள் தாயும் சில பெண்களும் ஓர் இளைஞருமே. பின்னாளில் பேதுரு சிறையிலிருந்தபோது திருச்சபை ஒன்றுகூடி இடைவிடாது அவருக்காக மன்றாடியது என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. ஓடிப்போனவர்கள் மன்றாடுபவர்களாக மாறியதே திருச்சபையின் பிறப்பு என்று சொல்லலாம் போலும்.

அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி எல்லாம் கடந்து சேலம் வந்தடைந்தோம். சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். அவர்கள் பொதுவுடைமை இயக்கத்தவர். நாடு குடியரசாகி அப்போது பதினாறு நாட்களே ஆகியிருந்தன. மனித உரிமைகளை உறுதி செய்த அரசியல் சட்டத்தின் மை உலருமுன், சிறைச்சுவருக்குள்ளே இக்கொடுமை நேர்ந்தது. அவர்களுடைய கடவுள் மறுப்புக் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் கொள்கையைப் பார்த்தா கடவுள் தம் சாயலை மனிதருக்கு அளித்தார்? நம்மவர்க்கு ஒரு நீதி, மற்றவர்க்கு ஒரு நீதி என்று பேசுவோமானால், நாளை நம்மவர் கைது செய்யப்படும்போது நம் குரலுக்கு வலுவிருக்காது.

அப்படிப்பட்ட நாளும் வந்தது. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி இறங்கினால் நல்லம்பள்ளி வட்டம். இங்கே ஒருவர் தமது பட்டா நிலத்தில் அருட்தந்தை ஸ்டேன் சுவாமிக்கு நினைவுக் கல்தூண் நிறுவ முனைந்தபோது, வட்டாட்சியர் அதற்குத் தடை விதித்தார். 2025-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இறந்தவருக்கு ஒரு கல் நடுவதற்கும் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது!

அருட்தந்தை ஸ்டேன், திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த நம் தமிழ் மகன்; இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டு மாநிலத்து ஆதிவாசி மக்களின் நிலவுரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சிறைப்பட்டோருக்காக வாதாடியவரே இறுதியில் சிறைப்பட்டார். 2020 அக்டோபர் 8-ஆம் நாள் இரவு, பீமா கோரேகான் வழக்கில், ராஞ்சியிலுள்ள பகைச்சா இல்லத்திலிருந்து அவரைத் தேசியப் புலனாய்வு முகமையினர் கொண்டு சென்றனர். அப்போது அவருக்கு வயது 83. மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று சாட்டப்பட்ட குற்றத்தை அவர் மறுத்தார்.

பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கின. குவளையைத் தூக்கி நீர் பருக இயலவில்லை. ஆகவே உறிஞ்சுகுழலும், அது பொருத்திய குவளையும் வேண்டுமென்று நீதிமன்றத்திடம் மன்றாடினார். அந்த அற்பப் பொருளுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. தலோஜா சிறையில் அவருக்கு உணவூட்டியவர்களும், குளிக்கத் துணை செய்தவர்களும் உடனிருந்த கைதிகளே. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பிணை பெறுவது எளிதன்று. 2021 மார்ச்சில் அவர் பிணை மனு தள்ளுபடியானது. மே மாத இறுதியில் மும்பை திருக்குடும்ப மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கொரோனா தொற்றும் கண்டறியப்பட்டது. ஜூலை 5-ஆம் நாள், கைதியாகவே இறைவனடி சேர்ந்தார். வழக்கு விசாரணை தொடங்கவேயில்லை.

கோவையில் ஒரு செக்கு. தலோஜாவில் ஓர் உறிஞ்சுகுழல். இரண்டுக்கும் இடையே நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒன்று திணிக்கப்பட்டது, மற்றது மறுக்கப்பட்டது. ஆள்வோரின் நிறம் மாறிற்று, கொடி மாறிற்று. எளியவர்க்காகப் பேசுபவனைத் துரோகி என்று அழைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. நிகராகுவா நாட்டில் அரசின் கொடுமைகளைக் கண்டித்த ஆயர் ரோலாண்டோ ஆல்வரெசுக்கு 2023 பிப்ரவரியில் 26 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். உலகெங்கும் எழுந்த குரலுக்குப் பிறகு, 2024 ஜனவரியில் அவர் வத்திக்கானுக்கு அனுப்பப்பட்டார். குரல் எழுப்புவதால் பயனுண்டா என்று ஐயுறுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். 1961-இல் கத்தோலிக்கரான ஆங்கில வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன், மறக்கப்பட்ட கைதிகளைப் பற்றி ஒரு செய்தித்தாளில் கட்டுரை வரைந்தார். பொதுமக்கள் அரசுகளுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அதிலிருந்து பிறந்ததுதான் பன்னாட்டுப் பொதுமன்னிப்பு அவை.

நம் பங்குக் குடும்பங்கள் யாது செய்யலாம்? சிறைப்பட்டோரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். இறுதித் தீர்ப்பில் ஆண்டவர் கேட்கப்போகும் கேள்விகளுள் அதுவும் ஒன்று. கைதி குற்றவாளியா, நிரபராதியா என்று விசாரித்துவிட்டு வரும்படி அவர் சொல்லவில்லை. இந்தியச் சிறைகளில் உள்ளோருள் நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே. காவலில் இருப்போர் எவரும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. இதை அறியாத ஏழைக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்வது ஒரு பங்கு இளைஞரால் ஆகக்கூடிய காரியம். திருச்சபையின் சிறைப்பணிக் குழுவினரோடு இணைந்து கொள்ளலாம். கைதியின் மனைவிக்கு ஆறுதல் சொல்லலாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தலாம். திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் மனித உரிமைக்காகச் சிறைப்பட்டோருக்கென ஒரு மன்றாட்டைச் சேர்க்கலாம்.

இவை எதற்கும் இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். அரசு ஒருவரைத் துரோகி என்று சொல்லிவிட்டால், அச்சொல்லை நாமும் வீட்டுத் திண்ணையிலும் ஆலய முற்றத்திலும் திருப்பிச் சொல்லாதிருக்கலாம்.

செக்கிற்கு மாலையிடுவது நன்று. கல்தூண் நடுவதும் நன்று. ஆனால் கோவைச் சிறையின் மதிலுக்குள்ளே இன்றும் மனிதர் இருக்கின்றனர். அவர்கள் எதிர்பார்ப்பது மாலைகளையல்ல. முதலியாரைப் போன்ற ஒரு மனிதரின் வருகையை.