நியூட்டெல்லா ஊரில் ஒரு சிவப்பு கிளாஸ்!

ஹாஸ்டல் மெஸ் பிரெட்டைக்கூட உள்ளே தள்ள வைக்கிற நியூட்டெல்லா எந்த ஊர் சரக்குன்னு தெரியுமா? இத்தாலியில் இருக்கிற ஆல்பா! நாட்டின் வடமேற்கில், பீட்மான்ட் மாநிலத்தில், தானரோ ஆற்றங்கரையில் ஒரு குட்டி நகரம். ஃபெரேரோ கம்பெனி 1946-ல் பிறந்தது இங்கேதான். 1964-ல் முதல் நியூட்டெல்லா பாட்டில் வெளியே வந்ததும் இங்கிருந்துதான்.

ஆனா, ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய்ப் பாருங்க. சாக்லேட் வாசனை மறந்தே போயிடும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் குன்று; குன்று முழுக்க வரிசை வரிசையா திராட்சைக் கொடி. லாங்கே குன்றுகள்னு பேர். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடிச்ச ஏரியா!

நம்ம சினிமாவில் ஒயின்னா, கோட்டு போட்ட வில்லன் கையில் வெச்சுச் சுத்துற ஐட்டம். இங்கே அப்படி இல்லீங்க. அது சாப்பாட்டோட ஒரு பகுதி. நம்ம வாழை இலையில் சாம்பார், ரசம், மோர்னு ஒரு வரிசை இருக்கில்ல... அது மாதிரி இவங்க மேஜையிலும் ஒரு வரிசை உண்டு.

முதல்ல வர்றவர் டோல்செட்டோ. பேருக்கு அர்த்தம் 'குட்டி இனிப்பு'. குடிச்சா இனிப்பே இருக்காது! புளிப்பு கம்மி, சுலபமா இறங்கும். சலாமி, சீஸ்னு சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கிற அயிட்டங்களுக்கு இவர்தான் ஜோடி.

அடுத்து பார்பெரா. புளிப்புதான் இவர் பலம். பூண்டு, நெத்திலி மாதிரியான உப்பு மீன், ஆலிவ் எண்ணெய் மூணையும் சுடச்சுடக் காய்ச்சி நடுவில் வெச்சு, காய்கறியை முக்கி முக்கிச் சாப்பிடுற 'பான்யா காவ்டா'ன்னு ஒரு குளிர்கால விருந்து உண்டு. அந்த எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து கழுவி விடறது பார்பெராவின் புளிப்புதான். பஜ்ஜிக்குப் பிறகு எலுமிச்சை ஜூஸ் குடிச்சா எப்படி வாய் சுத்தமாகுது? அதே லாஜிக்!

கடைசியா ராஜா. பரோலோ! நெபியோலோங்கிற ஒரே திராட்சையில் செய்றது. 38 மாசம் காத்திருந்தாத்தான் விற்க முடியும். அதில் 18 மாசம் மரப்பீப்பாய்க்குள்ளே இருக்கணும். இது சட்டம். வெள்ளை மேஜை விரிப்புக்கு நேரா கிளாஸைச் சாய்ச்சுப் பார்த்தா நிறம் வெளுப்பாத்தான் இருக்கும். ஏமாந்துடாதீங்க. ஒரு மடக்கு போதும், பாக்கு மென்ன மாதிரி வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கும். அதுதான் டானின். கட்டன் டீயில் இருக்கிற அதே துவர்ப்பு. டானின் நம்ம எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடிச்சுக்கிறதாலதான் வாய் வறண்டு போகுது. கூடவே கொழுப்புள்ள இறைச்சி இருந்தா, டானின் அந்தப் பக்கம் போயிடும், ஒயின் சாதுவாயிடும். பரோலோவிலேயே மாட்டிறைச்சியை ஊறவெச்சு மணிக்கணக்கா வேகவைக்கிற 'பிரசாட்டோ'வை இதுக்குத் துணையா வெச்சது சும்மா இல்லை!

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பரோலோ விற்கிறதுக்கு; டோல்செட்டோவும் பார்பெராவும் வீட்டுக்கு. இதுதான் இந்த விவசாயிகளோட பழைய கணக்கு. அதாவது, பார்பெரா என்பது சாதாரண ஜனங்களோட தினசரி ஒயின்.

விஷம் கலந்ததும் அதில்தான்.

1986 மார்ச். பரோலோவுக்குப் பக்கத்து ஊரான நார்ட்சோலேயிலிருந்து போன மலிவு ஒயினில் மெத்தனால் இருந்தது தெரியவந்தது. தண்ணியா இருக்கிற ஒயினுக்குச் செலவில்லாமல் 'டிகிரி' ஏத்தறதுக்காகச் செஞ்ச வேலை. 23 பேர் செத்துப்போனாங்க. பலருக்குப் பார்வை போச்சு. உடம்புக்குள்ளே மெத்தனால் ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல தாக்குறது கண் நரம்பைத்தான். செத்தவங்க கடையில் விலை குறைஞ்ச பாட்டிலை எடுத்துட்டு வந்து, வீட்டுச் சாப்பாட்டோட குடிச்சவங்க.

2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னதும் இதே மெத்தனால்தான். நாடு வேற, பானம் வேற. பலியானது அங்கேயும் இங்கேயும் மலிவானதை வாங்கினவங்கதான்.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கங்க. கிளாஸைச் சுழற்றி, மோந்து, மடக்கு மடக்கா ருசிச்சு ஜாதகமே சொல்ற நிபுணராலும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடுன்னு நாக்கு சொல்லும். செஞ்சவன் யோக்கியனான்னு நாக்கு சொல்லாது!

அந்த அடிக்கு அப்புறம் இத்தாலிய ஒயின் எழுந்து நிக்கப் பெரிய பாடு பட்டுது. 1992-ல் ஒயின் சட்டத்தையே திருத்தி எழுதினாங்க. பக்கத்து ஊரான பிராவிலிருந்து கிளம்பின 'ஸ்லோ ஃபுட்' இயக்கம், சாப்பாடு நல்லதா, சுத்தமா, நியாயமா இருக்கணும்னு உலகம் முழுக்கப் பேசிச்சு. 2004-ல் பிராவின் ஒரு பகுதியான போலென்ட்சோவில் உணவுக்குன்னே ஒரு யுனிவர்சிட்டியைத் திறந்தாங்க. நம்ம வயசுப் பசங்க அங்கே உணவையே பாடமாப் படிக்கிறாங்க பாஸ்!

ஆமா, இத்தாலியில் ஒயின் வாங்க 18 வயசு ஆகணும். தமிழ்நாட்டில் 21. அதுவரைக்கும் இந்த ஜோடிக் கணக்கை லெமன் ஜூஸிலும் கட்டன் டீயிலும் சோதிச்சுப் பாருங்க. கணக்கு மாறாது!

எப்பவாவது ஆல்பா பக்கம் போனா, பாட்டில் கழுத்தைப் பாருங்க. உயர்ந்த தரத்துக்கு மட்டும் ஒட்டுற, நம்பர் போட்ட அரசாங்கச் சீட்டு ஒண்ணு இருக்கும். எங்கே, எந்த விதியில் செஞ்சதுன்னு அதை வெச்சு விசாரிக்கலாம். பரோலோவுக்கு அந்தத் தகுதி 1980-லேயே கிடைச்சது. 'பார்பெரா தாஸ்தி'க்குக் கிடைச்சது 2008-ல்.

ராஜாவோட பாட்டிலுக்கு வந்த காவல், வீட்டு மேஜைக்கு வர 28 வருஷம் ஆச்சு!